சரக்குப் படகு வராத ஒன்பது நாள்

முதலில் தீர்ந்தது வெங்காயம். அப்புறம் முட்டை. நான்காம் நாள் கடைக்குப் போனால் தட்டுகளில் பால்பவுடரும் பிஸ்கட்டும் டின் மீனும்தான் இருந்தன. கடைக்காரர் ஃப்ரிட்ஜை நிதானமாகக் கழுவிக்கொண்டிருந்தார். "காலியாக இருக்கும்போதுதானே கழுவ முடியும், டீச்சர்?" என்றார்.

2014 ஜூன் மாதம். மாலத்தீவின் தென்பகுதியில் ஹுவாது அத்தொளுவில் ஒரு சின்னத் தீவு. அங்கே பள்ளிக்கூடத்தில் நான் உயிரியல் ஆசிரியை. தீவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், பெயர் தெரிந்தால் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். (பவளத் தீவுக்கூட்டத்துக்கு 'அட்டோல்' என்று உலகமே சொல்லும் சொல் அவர்களுடைய திவேஹி மொழியின் 'அத்தொளு'விலிருந்து போனது. அதில் அவர்களுக்கு நியாயமான பெருமை உண்டு.)

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்ஸ் வேலைக்கு வளைகுடாவுக்கும் வாத்தியார் வேலைக்கு மாலத்தீவுக்கும் போவது புதிதில்லை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் மாலே பக்கம்தான். மாலேயிலிருந்து நம் தீவுக்குப் போவதுதான் பாடு. சாப்பிடும் பொருளுக்கும் அதே பாடு. தூத்துக்குடியிலிருந்து தோணியிலும் கப்பலிலும் மாலேக்கு வரும் வெங்காயம், அங்கிருந்து வாரம் ஒருமுறை சரக்குப் படகில் எங்களுக்கு வரும். அந்த வாரம் தென்மேற்குப் பருவக்காற்று பேயாட்டம் ஆடியது. அது போதாதென்று படகின் எஞ்சினும் மக்கர். நோன்பு மாதச் சரக்கு அந்தப் படகில் வரப்போகிறது என்று கடைக்காரர்கள் பழைய சரக்கைத் தீரவிட்டிருந்தார்கள். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. படகு வர ஒன்பது நாள் தாமதம்.

பட்டினி கிடந்தோம் என்று சொன்னால் பொய். வீடுகளில் அரிசி இருந்தது, மாவு இருந்தது. கடல் கொஞ்சம் அடங்கிய இரண்டு நாள் சூரை மீன் வந்தது. ஆனால் காய்கறி, பழம் என்று எதுவும் இல்லை. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் முகத்தில் கவலை தெரிந்தது.

அப்போது பள்ளித் தோட்டம் என் பொறுப்பில் இருந்தது. ஆரம்பித்து ஒன்றரை வருஷம். செங்கல் கட்டி, பச்சை நிழல்வலை போட்டு, மாலேயிலிருந்து மூட்டை மூட்டையாக உரமண் வாங்கி, தக்காளி, வெள்ளரி, லெட்டூஸ், குடமிளகாய் போட்டிருந்தேன். அதிகாரிகள் வந்தால் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒன்பது நாளில் அந்தத் தோட்டம் ஊருக்குக் கொடுத்ததைக் கணக்குநோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: வெள்ளரிக்காய் பதினொன்று, லெட்டூஸ் ஒரு கூடை, தக்காளி முக்கால் கிலோ. அவ்வளவுதான்.

ஆறாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தத்தா ஒரு மூடிபோட்ட பாத்திரத்தோடு வந்தார். திவேஹியில் 'தத்தா' என்றால் அக்கா. வந்த புதிதில் அந்த அறுபது வயது அம்மாவை ஊரே 'தத்தா' என்று கூப்பிட்டதைக் கேட்டு நான் திருதிருவென்று விழித்தது தனிக்கதை. பாத்திரத்தில் வேகவைத்த கட்டல. அதாவது நம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கூடவே சீமைப்பலாத் துண்டுகள், முருங்கைக்கீரை போட்ட மீன்சாறு. முருங்கைக்கு அங்கேயும் 'முரங்க' என்றுதான் பேர், அதற்கு அகராதி தேவைப்படவில்லை.

"உன் தோட்டத்தில் சாப்பிட என்ன இருக்கிறது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அவர் வீட்டுக் கொல்லைக்குப் போனேன். வெளியிலிருந்து பார்த்தால் குப்பைமேடு மாதிரிதான் இருக்கும். கதம்பைக் (தேங்காய் மட்டை) குவியல், வாடிய சீமைப்பலா இலை, இடையிடையே குழிகள். குழிகளிலிருந்து கட்டலக்கொடி படர்ந்து கிடந்தது. ஓர் ஓரத்தில் ஐந்தாறு மரச்சீனிச் செடி, அதாவது மரவள்ளி. ஈரமான பள்ளத்தில் சேம்பு. வேலியில் முருங்கை. நடுவில் ஒரு சீமைப்பலா மரம். அந்த இடத்தில் அவர் மாமியார் நட்ட பழைய மரம் 2004 சுனாமியில் உப்புநீர் ஏறிப் பட்டுப்போயிற்றாம். தீவின் நடுமேட்டில் இருந்த ஒரு மரத்தின் வேர்க்கன்றைக் கொண்டுவந்து திரும்ப நட்டிருக்கிறார். படகு வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கொல்லையில் இரண்டு வாரத்துக்கான மாவுச்சத்து மண்ணுக்குள்ளும் மரத்திலும் இருந்தது.

நான் வளர்த்தது படகில் வரும் காய்கறிகளின் நகல். தத்தா வளர்த்தது படகு வராதபோது வயிற்றை நிரப்புவது. அதற்குப் பிறகு இருந்த ஐந்து வருஷமும் நான் அவரிடம் கற்றுக்கொண்டதுதான் அதிகம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தீவில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு உதவும். எங்கள் ஊர்க் கடற்கரை மணலில் மல்லுக்கட்டுபவர்களுக்கு இன்னும் அதிகமாக உதவும்.

மண்ணிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் அதிகம் தோற்றது அங்கேதான்.

எங்கள் மணவாளக்குறிச்சி மணல் கறுப்பும் சிவப்புமாக இருக்கும். இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்தது. மாலத்தீவு மணல் சுத்த வெள்ளை. கையில் எடுத்துப் பார்த்தால் உடைந்த பவளம், சிப்பித் தூள். கிளிமீன் பவளத்தைக் கடித்துத் தின்று கழிப்பதுதான் இதில் பெரும்பங்கு என்று என் மாணவர்கள் முதல் வாரமே சொல்லிக்கொடுத்து, என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். மொத்தத்தில் அது சுண்ணாம்பு. காரத்தன்மை (pH அளவு) 8க்கு மேல். அதில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. முதல் வருஷம் என் வெண்டைச் செடிகளில் குருத்திலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக்கோடாக நின்றது. தழைச்சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா போட்டேன். தழைச்சத்துக் குறைந்தால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும், இரும்பு குறைந்தால் குருத்து வெளுக்கும். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம்தான். தோட்டத்தில் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை.

இதற்கு உடனடி மருந்து உண்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம். கலந்த உடனே, வெயில் தாழ்ந்த பிறகு, இலையில் தெளிக்க வேண்டும். மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதைக் கட்டிப்போட்டுவிடும், காசு வீண். தெளித்தாலும் பத்துப் பதினைந்து நாளில் அடுத்த குருத்து மறுபடி வெளுக்கும். தற்காலிகம்தான்.

இன்னொன்றும் செய்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சம். எங்கள் வீட்டில் அடுப்புச் சாம்பலை வாழை மூட்டில் கொட்டுவார்கள். அதே பழக்கத்தில் சாம்பலை அள்ளி அள்ளிப் போட்டேன். புளிப்புத்தன்மை உள்ள எங்கள் செம்மண்ணுக்குச் சாம்பல் நல்லது. ஏற்கெனவே சுண்ணாம்பாக இருக்கும் மணலுக்கு அது காரத்தை இன்னும் ஏற்றும். ஊரில் நல்லது என்பதாலேயே ஒரு பழக்கத்தைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோகக் கூடாது.

நிரந்தர வழி குழிதான். தத்தா செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்துச் செய்தது இது. இரண்டடி அகலம், ஒன்றரையடி ஆழம். அதற்குக் கீழே சில இடங்களில் கல் மாதிரி இறுகிய தட்டு வரும். வந்தால் உடைக்க வேண்டாம், இடத்தை மாற்றிக்கொள்ளலாம். குழியின் அடியில் கதம்பையை உட்குழிவு மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு கதம்பையும் ஒரு சின்னக் கிண்ணம் போல ஈரத்தைப் பிடித்து வைக்கும். கதம்பை மெதுவாக மட்கும்போது சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கிடைக்கும். அதன்மேல் காய்ந்த இலை ஒரு சாண் கனத்துக்கு. அப்புறம் சூரை மீனின் தலை, முள், குடல். அதன்மேல் மறுபடி இலை, கரை ஒதுங்கிய கடல்பாசி, கடைசியில் மணல். மீன்கழிவு மேலாக இருந்தால் இரவே பூனையும் எலியும் வந்து கிளறிவிடும். பாசியை நேராகப் போடக்கூடாது. இரண்டு மழை நனையும்வரை கரையில் குவித்து வைத்தால் உப்பு கழுவிப்போகும்.

இரண்டு மாதம் சும்மா விட வேண்டும். அந்தப் பொறுமைதான் பள்ளி நிர்வாகத்துக்குப் புரியவில்லை, ஏன் காலியாகக் கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். குழி பாதிக்குக் கீழே அமுங்கிய பிறகு மேலே நிரப்பி, ஒரு அடி நீளக் கட்டலக்கொடித் துண்டு மூன்று நட்டேன். நடுக்கணு இரண்டு மண்ணுக்குள் போக வேண்டும். பதினான்கு குழி, நூற்றுப்பத்து நாள், முப்பத்தொரு கிலோ கிழங்கு. தண்ணீர் வாரம் இரண்டு முறை ஊற்றினால் போதுமானதாக இருந்தது. லெட்டூசுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை ஊற்றியவள் நான். பசிபிக் கடலில் கிரிபாட்டி தீவுக்காரர்களும் இப்படித்தான் நிலத்தடி நீர் தட்டும் ஆழத்துக்குக் குழி வெட்டி, இலைதழை போட்டு, 'பபாய்' என்ற பெரிய சேம்புவகையை வளர்க்கிறார்கள். பவள மணலில் மாட்டிக்கொண்டவர்கள் எங்கே இருந்தாலும் கடைசியில் குழிக்குத்தான் வந்து சேர்கிறார்கள் போலிருக்கிறது.

அடுத்தது தண்ணீர். பவளத் தீவில் ஆறு கிடையாது, குளம் அபூர்வம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய நீர்த்தட்டாக மிதக்கும். நல்ல தண்ணீர் கடல்நீரைவிடக் கொஞ்சம் கனம் குறைவு, அதனால்தான் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே நாற்பது அடி இருக்கலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. சின்னத் தீவுகளில் அலையும் கடலின் ஏற்றவற்றமும் கலக்கிவிடுவதால் நிஜத்தில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் பயம் வரும். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஓர் அங்குலம் இறக்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நாற்பது அங்குலம் ஏறப் பார்க்கும்.

பள்ளிக் கிணறு இடுப்பளவு ஆழம்தான். முதல் வருஷம் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுவேன். ஒரு நாள் ஆய்வகத்தில் இருந்த, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்துவந்து பார்த்தேன். மோட்டார் போட்டவுடன் 700. ஒன்றரை மணி நேரம் கழித்து 1800. உப்பைக் குழாய் வழியாக நானே செடிக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதன் பிறகு இரண்டு கிணறு, ஒவ்வொன்றிலும் காலை பதினைந்து நிமிஷம், மாலை பதினைந்து நிமிஷம். ஆழப்படுத்த வேண்டும் என்று யார் சொன்னாலும் தலையாட்டவில்லை. அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்கும் கிணறுதான் அங்கே நல்ல கிணறு.

குடிக்க மழைநீர்த் தொட்டி. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் கூரைக்கு 10 மில்லிமீட்டர் மழையில் ஆயிரம் லிட்டர், சிந்திச் சிதறியது போக எண்ணூறு கிடைக்கும். முதல் மழையை வெளியே விட வேண்டும், தொட்டி வாயில் கொசுவலை கட்ட வேண்டும். வலை கட்டாத வீடுகளில் டெங்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷக் கடைசியில் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பி மாலேக்கு வந்தபோதுதான், 2014 டிசம்பர் 4, அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இருக்கும் தலைநகரில் குழாய் வறண்டுபோனது. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணீர் வந்தது. பாட்டில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபடி தத்தாவுக்குப் போன் செய்தேன். "இங்கே நேற்று மழை, தொட்டி வழிகிறது" என்றார். ஒரே நாடு, ஒரே வாரம்.

காற்றைப் பற்றி ஒரு கசப்பான அனுபவம். தோட்டத்துக்கும் கடலுக்கும் நடுவே தாழையும் பூவரசும் இன்னும் சில புதர்ச்செடிகளும் அடர்ந்து கிடந்தன. கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று ஒரு விடுமுறை நாளில் கூட்டமாக வந்து வெட்டித் தள்ளினார்கள். கடல் நன்றாகத் தெரிந்தது, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த பருவக்காற்றில் உப்புச்சாரல் நேராக அடித்து மூன்றே நாளில் முருங்கை உட்பட எல்லா இலையும் கருகியது. மறுபடி நட்டு, அந்த வேலி நெஞ்சு உயரம் வர இரண்டரை வருஷம் ஆனது. அதுவரை பழைய மீன்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டிச் சமாளித்தேன். தகரம், சுவர் என்று காற்றை முழுதாக மறிப்பதைவிட வலை நல்லது. சுவரில் மோதும் காற்று மேலேறி அந்தப் பக்கம் சுழன்று விழும். வலையில் வடிகட்டி வேகம் குறையும். எங்கள் ஊர்க் கடற்கரையில் அடம்பங்கொடியையும் தாழையையும் 'காடு' என்று சொல்லி வழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வாய் சும்மா இருப்பதில்லை.

ஒரு திட்டத்தில் மண்ணே இல்லாமல் குழாயில் செடி வளர்க்கும் அமைப்பு ஒன்றும் எங்களுக்கு வந்தது. நன்றாகத்தான் வளர்ந்தது. எட்டாம் மாதம் பம்ப் பழுதானது. பம்பும் சத்துக்கரைசலும் வருவது அதே சரக்குப் படகில். நான் கிளம்பும்போது அந்த வெள்ளைக் குழாய்களில் பிள்ளைகள் துணி காயப்போட்டிருந்தார்கள். அந்த முறையே தவறு என்று சொல்லவில்லை. ரிசார்ட்டுக்குக் கீரை விற்கிறவருக்கு அது சரிப்படும். ஊர்ச் சாப்பாட்டுக்கு அதை நம்பக்கூடாது. விதைக்கும் இதே கதைதான். வெண்டை, பயறு, பூசணி, அந்த ஊரின் காரமான 'கித்தேயோ மிருஸ்' மிளகாய், இவற்றுக்கு விதை எடுத்து, உலர்ந்த அரிசியோடு பாட்டிலில் அடைத்து வைத்தோம். கடல்காற்று ஈரத்தில் விதை சீக்கிரம் கெட்டுவிடும், அரிசி அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

நடுவே நான் செய்யவிருந்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். 2015 விடுமுறை முடிந்து திரும்பும்போது எங்கள் தோட்டத்திலிருந்து நல்ல ஜாதி மரச்சீனிக் கம்பு நாலு வெட்டிச் சேலைக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்தேன். அப்பா பார்த்துவிட்டார்.

"என்னத்தைக் கொண்டுபோற மக்ளே?"

"கம்புப்பா. அங்க உள்ளது சின்னக் கிழங்கு."

"தேமல் இல்லாத கம்புதானான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. விரித்துக் காட்டினால் ஒன்றில் இலைத்தேமல் இருந்த செடியின் கம்பு. மரச்சீனித் தேமல் நோய் கம்பு வழியாகவே போகும், அப்புறம் வெள்ளை ஈ பரப்பும். ஏற்கெனவே 1999 வாக்கில் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து இறக்கிய பனைவகைச் செடிகளோடு வந்த ஒரு குருத்து வண்டு, மாலத்தீவின் தென்னைகளைப் படாதபாடு படுத்தியிருந்தது. தேங்காய் இல்லாவிட்டால் அந்த ஊரில் சமையலே இல்லை. சின்னத் தீவில் ஒரு பூச்சியோ நோயோ இறங்கினால் அதைத் தின்னும் எதிரி கூடவே வராது. அனுமதியில்லாமல் செடி கொண்டுபோவது சட்டப்படியும் தப்பு. கம்பைத் திரும்பத் தோட்டத்திலேயே போட்டுவிட்டேன். அங்கே இருந்த சின்னக் கிழங்கு வகையே போதும் என்று இருந்துகொண்டேன். அவர்களுடைய 'தண்டி அலுவி' சின்னதுதான், ருசி ஒன்றும் குறைச்சல் இல்லை.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். அன்றைக்கு நான் தீவில், வீட்டார் ஊரில். மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. கடலுக்குப் போன எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி வந்த செய்தியெல்லாம் ஒவ்வொன்றும் ஒரு இடி. சில படகுகள் லட்சத்தீவுகளில் ஒதுங்கின என்பதைக் கேட்டுத்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. நான்காம் நாள் அப்பா குரல் கேட்டது. வாழை அத்தனையும் போச்சு, ரப்பர் மரம் ரோட்டில் கிடக்கிறது, கரண்ட் இல்லை, கடை இல்லை.

"சாப்பாட்டுக்கு என்னப்பா செய்றீங்க?"

"மரச்சீனி கம்பு ஒடிஞ்சு போச்சு, கிழங்கு மண்ணுக்குள்ளதான இருக்கு. காச்சிலும் கிடக்கு. நீ அழாத."

நான் அழுதேன், ஆனால் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. ஆறாம் நாள் பாத்திரத்தோடு வந்து நின்ற தத்தா ஞாபகத்துக்கு வந்தார்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் திருவிதாங்கூர்ப் பக்கத்துக்கு இது புதுப்பாடம் இல்லை. மரச்சீனியை இங்கே பரப்பியதில் 1880களில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. அப்போது எங்கள் ஆச்சி சின்னப்பெண். காலையில் மரச்சீனி, மதியம் மரச்சீனி, ராத்திரி மரச்சீனியும் சாளை மீனும் என்று கதை சொல்வார். அந்தக் கதையில் குறை எதுவும் இருக்காது. "அரிசி கப்பல்ல வரணும், கிழங்குக்குக் கப்பல் வேண்டாம்லா" என்பார். ஆச்சி இதைச் சொன்னபோது எனக்குப் பத்து வயசு, காதில் விழுந்ததோடு சரி.

2019இல் திரும்பி வந்தேன். ராஜாக்கமங்கலம் பக்கம், கடலிலிருந்து நானூறு மீட்டரில் அப்பாவின் பன்னிரண்டு சென்ட் மணல் நிலம். தென்னை பத்து, மீதி சும்மா. அக்கம்பக்கத்தில் எல்லோரும் போர்வெல் போட்டு, ஆழத்தைக் கூட்டிக் கூட்டி உப்பைத் தொட்டிருந்தார்கள். எங்கள் பழைய உறைகிணறு பதினாலு அடி. எல்லாரும் போர்வெல் போடச் சொன்னார்கள். நான் கிணற்றைத் தூர்வாரி, கூரைத் தண்ணீரை மணல் வடிகட்டி வழியாக அதிலேயே விட்டேன். மோட்டார் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடாது. இப்போது காலை நேரத்தில் மீட்டர் 450லிருந்து 600க்குள் காட்டுகிறது. கோடைக் கடைசியில் 900 தொடும், அந்த நாட்களில் கிழங்குக்கு மட்டும்தான் தண்ணீர்.

இங்கே மண் வேறு என்பதால் இரும்புப் பிரச்சினை அந்த அளவுக்கு இல்லை. குழி மட்டும் அதே குழி. கதம்பை இலவசம், மீன்கழிவு காலையில் துறையில் கேட்டால் கிடைக்கும். மரச்சீனி, காச்சில், சிறுகிழங்கு, சேம்பு, ஓரமாக முருங்கை. மரச்சீனியை ஒரே நாளில் நடுவதில்லை. மாதம் ஐந்து மூடு (செடி) என்று நட்டால் எட்டு மாதத்துக்குப் பிறகு எப்போதும் பிடுங்க ஏதாவது இருக்கும். பிடுங்கின கிழங்கு இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும். மண்ணுக்குள் விட்டால் இரண்டு மூன்று மாதம் கூடக் கிடக்கும், நார் கொஞ்சம் ஏறும். கசப்பு வகையாக இருந்தால் துண்டு போட்டு நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதில் விஷச்சத்து உண்டு, விளையாட்டில்லை.

லாபம் உண்டா என்று கேட்கிறார்கள். இல்லை. வடசேரிச் சந்தையில் கிழங்கு விற்கும் விலைக்கு என் கூலிகூடத் தேறாது. தீவிலும் அப்படித்தான், படகில் வரும் உருளைக்கிழங்கு தத்தாவின் கட்டலயைவிட மலிவாகவே இருந்தது. இதைத் தொழிலாக நினைத்து இறங்கியவர்கள் இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டதை இரண்டு ஊரிலும் பார்த்தேன். நான் இதை வீட்டில் அரிசிப்பானை வைத்திருப்பது மாதிரி வைத்திருக்கிறேன். காசு வேண்டுமென்றால் தென்னை இருக்கிறது, டியூஷன் இருக்கிறது.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தாள். அவளுக்கு இப்போது கல்யாணமாகி, தீவிலேயே பள்ளிக்கூடத்தில் வேலை. பழைய செங்கல் பாத்தி இடிந்து கிடக்கிறது, பக்கத்தில் வரிசையாக இருபதுக்கு மேல் குழி. 'படகு நாலு நாள் லேட், டீச்சர்' என்று கீழே எழுதியிருந்தாள். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார்.

"கதம்பையைக் கவுத்தில்லா போட்டிருக்கு. நிமித்திப் போடச் சொல்லு மக்ளே."